ரதியும் அமண்டாவும்

இளையோர் காதல் கதை என்றதும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமே நம் மனக்கண்ணில் வந்து நிற்பர். ஆண்பிள்ளையென்று பதியப்பட்டு, தன்னைப் பெண்ணாகவே உணரும் பதினாறு வயதுப் பிள்ளை காதல் கொண்டால்?

ஆங்கிலத்தில் இத்தகைய இளையோர் நாவல்கள் இன்று தனியொரு கிளையாகவே வளர்ந்துள்ளன. ஜூலி ஆன் பீட்டர்ஸின் 'லூனா' 2004இல் வெளிவந்தது. அதில் கதை சொல்பவள் தங்கை; திருநங்கையான பிள்ளையை நாம் அவள் கண்ணாலேயே காண்கிறோம். 2016இல் மெரிடித் ரூசோ எழுதிய 'இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்' நாவலிலோ அமண்டா தானே பேசுகிறாள். எழுதியவரும் திருநங்கை. புதிய ஊர், புதிய பாடசாலை, கிராண்ட் என்றொரு பையன். அவனிடம் சொல்வதா, விடுவதா? கதையின் தவிப்பு இதுதான்.

தமிழில் சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி'யை முதலில் சொல்லவேண்டும். இந்திய வானொலியில் பணியாற்றிய அவர், இதனை 1990களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். பொறியியற் கல்லூரி மாணவன் சுயம்பு, மேகலையாகும் கதை. சக மாணவன் டேவிட்மீது நேசம் அரும்புகிறது; பின்பகுதி சமூகக் கொடுமைகளைப் பேசுகிறது. அனுதாபம் நிறைந்த நூல்தான். ஆனால், மேகலைக்கு நீதி கேட்ட அளவுக்கு அவளுடைய காதலுக்கு அது இடந்தரவில்லை என்பது என் எண்ணம்.

நமது மலையகத்துக்கு வருவோம். மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தில் ரதியாக வேடம் கட்டுபவர் மரபாக ஓர் ஆண்தான். மன்மதன் எரிந்ததும் அந்த ரதி புலம்ப, பார்த்திருக்கும் பெண்களும் கண்கலங்குவர். வேடம் வேறு, வாழ்க்கை வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது. எனினும், அந்தக் காதலை நம்பி அழும் சபை நம் லயங்களில் ஏற்கெனவே இருக்கிறது.

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் இத்தகைய கதையை வைத்துப் பாருங்கள். பெரட்டுக்களத்தில் கவ்வாத்துக்கு ஆண்கள், கொழுந்துக்குப் பெரும்பாலும் பெண்கள். பேர் பதியும் நாளில் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நிற்பது? பக்கத்துக் காம்பராவில் இருமினாலும் கேட்கும் லயத்தில் இரகசியம் எத்தனை நாளைக்கு? 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிசெய்தது. அதைக்கொண்டு பிறப்புப் பத்திரத்தைத் திருத்தலாம். ஆனால், அதற்கு முதலில் மனநல வைத்தியரிடம் போகவேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஏறுவதே ஓர் அத்தியாயம் ஆகும்.

எழுதுவோருக்குத் தமிழ் ஒரு வசதி தந்திருக்கிறது. 'நான் வந்தேன்' என்பதில் ஆண், பெண் பேதமில்லை. ஆகவே பிள்ளை தன் கதையைத் தானே சொல்லும்போது தடையில்லை. மற்றவர் வாய் திறந்தால்தான் 'வந்தான்', 'வாடா' என்று ஒவ்வொரு சொல்லும் குத்தும். கவ்வாத்துக் கத்தியோடு மலையிலிருந்து இறங்கும் அந்தப் பையன், கூட்டாளிகள் முன்னிலையில், முதன்முதலாக 'அவள் வந்தாள்' என்று சொல்லுமிடத்தில் கதை உச்சத்தைத் தொட்டுவிடும்.