முதல் அதிர்வும் வாடகை வீட்டின் வயதும்

நில அதிர்வையே அறியாத ஊர்களிலிருந்து வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் ஜப்பானில் குடியேறுவோர், தம் வாழ்நாளின் முதல் நிலநடுக்கத்தைப் பெரும்பாலும் சில மாதங்களுக்குள்ளேயே உணர்ந்துவிடுகின்றனர். அதிர்வு வலுவானதாயின், அதற்குச் சில நொடிகள் முன்பே அறையிலுள்ள கைபேசிகள் அனைத்தும் ஒருசேர ஒலிக்கக்கூடும். விரைந்து வந்தாலும் வலுக்குறைந்த முதன்மை அலையைக் கருவிகள் கண்டறிந்து, அதன் பின்னே வரும், கட்டடங்களை உலுக்கும் இரண்டாம்நிலை அலை வந்துசேருமுன் எச்சரிக்கும் இவ்வேற்பாடு 2007 அக்டோபர் முதல் பொதுமக்களுக்கு நடைமுறையில் உள்ளது. நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருப்போருக்கோ எச்சரிக்கை ஒலிக்குமுன்பே தரை ஆடிவிடும்.

அதிர்வு அடங்கியதும் புதியவர்கள் தேடுவது ரிக்டர் எண்ணை. ஜப்பானியத் தொலைக்காட்சியில் முதலில் தெரிவதோ ‘ஷிண்டோ’ எனப்படும் செறிவு எண். நடுக்கம் வெளியிட்ட ஆற்றலைக் குறிக்கும் ரிக்டர் எண் ஒரு நடுக்கத்துக்கு ஒன்றே. ஓரிடத்தில் தரை எவ்வளவு ஆடியது என்பதைக் குறிக்கும் ஷிண்டோ ஊருக்கு ஊர் மாறும். 0 முதல் 7 வரையுள்ள அவ்வளவுகோலில் 5-உம் 6-உம் மேல், கீழ் என இரண்டாகப் பிரிக்கப்படுவதால் மொத்தம் பத்துப் படிகள். ஷிண்டோ 4-இல் தொங்குவிளக்குகள் பெரிதாக ஊசலாடும். மேல்-6-இல் மனிதர் நிற்கவியலாமல் தவழ்ந்தே நகர நேரும்.

மேசைக்கடியில் புகுதல், வெளியே ஓடாதிருத்தல் என அதிர்வு நேரும் நொடிகளுக்கான அறிவுரைகள் பலவும் கிடைக்கின்றன, அவை தேவையானவையே. ஆயினும் உயிர் பிழைப்பதில் பெரும்பகுதி, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதைப் புதியவர்களிடம் எடுத்துச்சொல்வோர் மிகக் குறைவு. 1995 ஜனவரி 17 விடியலில் கோபே நகரைத் தாக்கிய நடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் இடிந்த வீடுகளுக்கும் சாய்ந்த அறைகலன்களுக்கும் அடியில் நசுங்கியும் மூச்சுத்திணறியும் இறந்தவர்கள். 1981 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டட விதி, மேல்-6, 7 அளவிலான அதிர்விலும் கட்டடம் இடிந்துவிழலாகாது எனக் கோருகிறது. அதற்கு முந்தைய விதியில் அத்தகைய நிபந்தனை இல்லை. 2016 ஏப்ரலில் ஷிண்டோ 7 இருமுறை பதிவான குமமோட்டோ மாநிலத்து மஷிகி நகரின் மையப்பகுதியில், பழைய விதிப்படி கட்டப்பட்ட மரவீடுகளில் சுமார் 28 விழுக்காடு இடிந்து விழுந்தன; மரவீடுகளுக்கான விதிகள் மேலும் இறுக்கப்பட்ட 2000-க்குப் பிந்தையவற்றிலோ அது சுமார் 2 விழுக்காடு மட்டுமே.

கட்டடத்தின் வயதைவிட அது நிற்கும் மண்ணின் தன்மையே முக்கியம் என்போரும் உளர். ஆனால் வாடகைக்கு வீடு தேடுபவர் எளிதில் கேட்டறியக்கூடியது வயதுதான்; கவலைக்குரியது என்னவெனில், குறைந்த வாடகை, ரயில் நிலையத்தின் அருகாமை, வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் திரும்பிவராத முன்பணம் ஆகியவற்றைத் துருவித்துருவி விசாரிக்கும் புதியவர்கள் அந்த ஒன்றை மட்டும் கேட்பதில்லை. பழைய விதிக்காலக் கட்டடத்தில் நில அதிர்வுத் தாங்குதிறன் சோதிக்கப்பட்டிருப்பின், அதன் விவரத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே இடைத்தரகர் விளக்கியாக வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. அவ்விளக்கமோ ஜப்பானிய மொழியில், பல பக்கங்களில், பிற நிபந்தனைகளுக்கு நடுவே வருவதால், மொழியறியாதவர் தலையசைத்துக் கையெழுத்திட்டுவிடுகிறார். கேட்கத் துணிவோரும் கட்டிமுடித்த ஆண்டைக் கேட்டால் போதாது. புதிய விதி, கட்டுமானத்துக்கு ஒப்புதல் பெற்ற நாளைக்கொண்டே பொருந்துவதால், 1981 மே மாதத்தில் ஒப்புதல் பெற்று 1982-இல் குடிபுகுந்த கட்டடமும் பழைய விதிக்குள்ளேயே அடங்கும்.