விலைச் சீட்டில் வராத விலை

ரசாயனம் போடாத அரிசிக்கு ஏன் கூடுதல் பணம்? மும்பைத் தமிழர்களின் சமையலறைக் கேள்விக்கு வயலில் இருக்கிறது பதில்.

மாட்டுங்கா கடைத்தெருவில் வாழையிலைக்கும் முருங்கைக்காய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் என்றுமே பஞ்சமில்லை. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும்கூட இப்போது பாக்கெட்டில் வந்துவிட்டன. ஆசையாகக் கையில் எடுப்பவர்கள் பலர். விலையைப் பார்த்ததும் திரும்ப வைத்துவிடுபவர்களும் பலர். உரமும் பூச்சிமருந்தும் போடவில்லை என்றால் செலவு மிச்சம்தானே, விலை மட்டும் ஏன் அதிகம்? நியாயமான சந்தேகம்.

மாப்பிள்ளைச் சம்பா விளைய ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். உயரமாக வளர்வதால் காற்று மழையில் சாய்ந்துவிடும். மகசூலும் உயர் விளைச்சல் ரகங்களைவிடக் குறைவு. களைக்கொல்லி கிடையாது என்பதால் களையெடுக்க ஆள்கூலி கொடுக்க வேண்டும். ரசாயனத்தைக் கைவிட்டவுடன் 'இயற்கை விளைபொருள்' என்ற சான்றும் கிடைத்துவிடாது. பருவப் பயிர்களுக்கு 2 ஆண்டுகள், மரப்பயிர்களுக்கு 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை விளைச்சல் குறைந்தாலும் பெரும்பாலும் சந்தை விலைதான்.

இன்னொரு பக்கம், மலிவு என்று நாம் நினைக்கும் அரிசிக்குக் கடையில் கொடுப்பது முழு விலை அல்ல. 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மீதியை அரசு ஏற்கிறது. 2022-23இல் உர மானியத்துக்கு மட்டும் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய் செலவானது. அது நம் வரிப்பணம்; கடைக்காரர் தரும் சீட்டில் வராது. உறிஞ்சப்பட்ட நிலத்தடி நீருக்கும் கெட்டுப்போன மண்ணுக்கும் பேரப்பிள்ளைகள்தான் பணம் கட்டப்போகிறார்கள்.

சரி, கூடுதலாகக் கொடுத்தால் அது விவசாயியைச் சேருமா? ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குச் சுமார் 33 காசும் வெங்காய விவசாயிக்கு 36 காசும்தான் கிடைக்கின்றன. இந்த இடைவெளியைக் குறைக்க மும்பையிலேயே முயற்சிகள் நடந்திருக்கின்றன. கவிதா முகி 2010இல் பாந்த்ராவில் தொடங்கிய சந்தையில் இயற்கை விவசாயிகளே தங்கள் விளைச்சலை விற்றார்கள். மகாராஷ்டிர அரசு 2016இல் பழம், காய்கறி விற்பனையை மண்டிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, விவசாயிகளின் வாரச் சந்தைகளுக்கு வழிவிட்டது. விளைவித்தவரே எதிரில் நிற்கும்போது, பேரம் பேச வந்தவர்கூட எப்படி விளைந்தது என்று ஒரு வார்த்தை கேட்பார்.

ஆனால் செம்பூர் அடுக்குமாடி தாங்கும் விலையைத் தாராவி தாங்காது. அன்றாடக் கூலியில் அரிசி வாங்கும் குடும்பத்திடம் மண்வளம் பற்றிப் பிரசங்கம் செய்வது அபத்தம். அவர்களுக்கு வேறு வழி உண்டு: கம்பும் சோளமும். மானாவாரியில் விளைபவை, நெல்லைவிட மிகக் குறைந்த தண்ணீர் போதும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த பெரியவர்கள் சிறு வயதில் சாப்பிட்டது கம்பங்கூழ். பக்கத்து மராட்டிய வீட்டில் இன்றும் தட்டுவது பாஜ்ரா பாக்ரி. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இதே கம்பு பளபளப்பான பாக்கெட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை. தானியமாக வாங்கி மாவு மில்லில் அரைத்துக்கொண்டால் போதும்.

வசதி உள்ளவர்களும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்க வேண்டாம். எங்கே விளைந்தது? இயற்கை விளைபொருள் என்ற சான்று முத்திரை இருக்கிறதா? விவசாயிக்கு எவ்வளவு போகிறது? இந்த மூன்றையும் கேட்கலாம். பதில் சொல்ல முடியாத கடையில் பாக்கெட்டைத் திரும்ப வைப்பதில் தவறில்லை. பதில் கிடைத்தால், கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்பது தெரிந்துவிடும்.