நடுக்கடலில் கிறிஸ்துமஸ்!

தூத்துக்குடியில் பெருநாள் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? ஆகஸ்டு 5-ந் தேதி பனிமய மாதா கோவில் பக்கம் போய்ப் பாருங்கள். ஜூலை 26-ந் தேதி கொடி ஏறியதில் இருந்தே ஊர் களை கட்டிவிடும். புதுத் துணி, மிட்டாய்க் கடை, ராட்டினம்... அப்பப்பா, என்ன கூட்டம்! அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் தகப்பன்மாரில் பலர் தோணித் தொழிலாளர்கள்.

அவர்களுக்கு அந்த லீவைக் கொடுத்தது முதலாளி அல்ல, காற்று!

கச்சான் தந்த ஓய்வு

தென்மேற்கில் இருந்து வரும் காற்றைக் கடற்கரை மக்கள் கச்சான் என்பார்கள். அது மூர்க்கமாக வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தோணிகள் கரையில் ஓய்ந்து கிடக்கும். மாதா திருவிழாவும் சரியாக அப்போதுதான் வருகிறது. குடும்பத்தோடு கொண்டாடலாம். ஆனால் ஓட்டம் இல்லை என்றால் வருமானமும் இல்லையே! முன்பணம் வாங்கித்தான் பல வீடுகளில் உலை கொதிக்கும். ஆபீசில் வேலை பார்க்கும் நமக்கு லீவு என்றால் சம்பளத்தோடு ஓய்வு. அவர்களுக்குத் திருவிழாவும் கடனும் ஒன்றாகவே வருகின்றன.

லீவுக்கு விலை கொடுப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. குளிப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது; எடுத்த சிப்பியில் பங்குதான். ஒரு நாள் கடலில் இறங்காவிட்டால் அன்றைய பங்கு போச்சு. அப்படியும் பண்டிகையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்க்கரையான இலங்கையில் நடந்த குளிப்பைப் பற்றி 1803-ல் புத்தகம் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி, காற்றாலும் பல மதத்தாரின் பண்டிகைகளாலும் வேலை தடைப்பட்டு, ஒரு பருவத்தில் சுமார் 30 நாள்தான் குளிப்பு நடந்தது என்று எழுதியிருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' என்ற ஆள் ஒருவர் உண்டு. அவர் இல்லாமல் பலர் தண்ணீரில் இறங்கவே மாட்டார்கள். அவருக்கு லீவு என்றால் ஊருக்கே லீவு!

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் கதை நேர்மாறு. டிசம்பர், தோணி ஓடும் காலம். காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட்ட தோணி, அன்று இரவு நடுக்கடலில் இருக்கலாம். பாய்க்குப் பதில் எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் சுக்கானைப் பிடிக்க ஆள் வேண்டாமா? பெருநாள் என்று தோணியை நிறுத்தி வைக்க முடியுமா? ஒருவர் ஜெபம் சொல்ல, இன்னொருவர் திசை பார்க்க வேண்டும். நல்ல குழம்பு ஒன்று வைத்தால் அதுவே விருந்து. கோவில் மணி கேட்காது. கரையை விட்டு விலகியதும் செல்போனும் ஊமையாகிவிடும். கரையில் லீவு நாள் ஓடிப் போய்விடும். கடலிலோ, வீட்டை நினைத்துவிட்டால் அன்றைய பொழுது நகரவே நகராது.

வீட்டிலும் அப்படித்தான். தகப்பனுக்கு எடுத்த புதுச் சட்டை பெட்டியில் இருக்கும். பிள்ளைகள் நாளை எண்ணிக்கொண்டிருக்கும். தோணி பழைய துறைமுகத்தில் வந்து கட்டப்போவது ஜனவரி 4-ந் தேதியா, 10-ந் தேதியா? கேட்டால் தாய்மார் கடலைப் பார்த்துக் கை காட்டுவார்கள்.