முடிச்சுப் போடாத குஞ்சம்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறவனுக்கு நாவலில் என்ன வேலை என்று மன்ற நண்பர்கள் கேட்கலாம். விடுதித் தோழர் ஒருவர் கொடுத்த நூல் அது. மூன்று மாதம் புரட்டவேயில்லை. புரட்டிய பிறகு இரண்டு இரவு உறங்கவில்லை.

நூலின் பெயர் ‘காரமெலோ’. ஆசிரியர் சாந்திரா சிஸ்னெரோஸ். 1954-இல் சிக்காகோ நகரில், மெக்சிகோ வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். நூல் 2002-இல் வெளிவந்தது. கதை சொல்பவள் லாலா, ஆறு அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண். தந்தை இனோசென்சியோ நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் தொழிலாளி. கோடை வந்தால் அவரும் உடன்பிறந்தார் இருவரும் குடும்பத்தோடு மூன்று கார்களில் மெக்சிகோ நகரத்துக்குப் புறப்படுவார்கள். அங்கே தந்தையைப் பெற்ற பாட்டி சொலெதாத் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘பயங்கரப் பாட்டி’!

அவள் ஏன் அப்படி ஆனாள்? அதற்கு ரெபோசோ என்னும் மெக்சிகோச் சால்வையை அறிய வேண்டும். நெய்வதற்கு முன்பே நூலை இடையிடையே இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்க்கிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்து நெய்தால் கோலம் தானே விழும். நம் நாட்டுப் போச்சம்பள்ளிச் சேலைக்கும் இதே முறைதான். சாயத்தைப் பற்றி நான் வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த வேலை எந்தப் பாடநூலிலும் இல்லை. இரு முனையிலும் தொங்கும் நூல்களைப் பெண்கள் விரலாலேயே முடிந்து முடிந்து குஞ்சமாக்குகிறார்கள். காய்ச்சிய சர்க்கரையின் நிறம் வரிவரியாக ஓடும் சால்வைக்குத்தான் காரமெலோ என்று பெயர். சொலெதாத்தின் தாய் அப்படியொன்றுக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்த நாளில் இறந்துபோகிறாள். அவள் விட்ட இடத்திலிருந்து வேறெவராலும் தொடர முடியவில்லை. தகப்பனார் மறுமணம் செய்துகொண்டு, சிறுமியை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். கையில் அந்தக் குறைச் சால்வை மட்டும்!

நூல் ஆங்கிலம்தான். ஆயினும் பக்கந்தோறும் ஸ்பானியம் தலைகாட்டுகிறது. ஸ்பானிய வழக்குகளைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியும் வைத்திருக்கிறார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த வீட்டாரின் குரலே காதில் விழுந்தது. அடிக்குறிப்புகள்தாம் மிகுதி. சிலவற்றைத் தாண்டிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இறந்த பாட்டி ஆவியாக வந்து, தன் கதையைச் சொல்லும்படி லாலாவிடம் கேட்கிறாள். சொன்னால், “அப்படி இல்லை” என்று குறுக்கிடுகிறாள். அந்த இடத்தில் நூலை மூடிவிட்டேன்.

நானும் கோடைக்குக் கோடை நாகபுரியிலிருந்து மதுரைக்கு ரயிலேறிய பிள்ளை. என் பேச்சில் இந்தி கலந்தால் அப்பத்தா ஊரே கேட்கச் சிரிப்பார்கள். அந்தக் கோபத்தில் அவர்களோடு அளந்துதான் பேசுவேன். சென்ற ஆண்டு தம் தாயாரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார்கள். “தேர்வு இருக்கு அப்பத்தா, அப்புறம் சொல்லுங்க” என்று எழுந்துவிட்டேன்.

சென்ற ஞாயிறு தொலைபேசியில் அழைத்தேன். “ஒங்க அம்மா பேரு என்ன அப்பத்தா?” என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

“எதுக்குய்யா கேக்குறே?” என்றார்கள். பிறகு முக்கால் மணி நேரம் பேசினார்கள். தம் கலியாணத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை.