கல்லீரலைக் காக்குமா வாசனைத் தைலம்?

காய்ச்சலா? பாரசிட்டமால். தலைவலியா? அதே மாத்திரை. அது இல்லாத வீடு ஏது?

அளவோடு சாப்பிட்டால் நல்ல மருந்துதான். பெரியவர்களுக்கு ஒரு நாள் எல்லை 4 கிராம். அதாவது, 500 மில்லிகிராம் மாத்திரை 8. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதிலும் குறைவு. எல்லை மீறினால் கல்லீரல் கெடும்.

எப்படி? மாத்திரையில் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் நஞ்சாக மாற்றிவிடுகிறது. அங்கேயே 'குளூட்டாதயோன்' என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் அந்த நஞ்சைப் பிடித்து வெளியேற்றுகிறான். மாத்திரை மிஞ்சினால் நஞ்சும் மிஞ்சும். காவல்காரன் தீர்ந்துபோவான். பிறகு நஞ்சு ஈரலையே அரிக்கும்.

இங்கேதான் தைலம் வருகிறது. கருஞ்சீரகத்தின் வாசனை எண்ணெயில் 'தைமோகுவினோன்' என்ற பொருள் உண்டு. 2010-ல் சவூதி அரேபிய ஆராய்ச்சியாளர்கள் அதைச் சுண்டெலிகளுக்குச் சில நாள் கொடுத்தார்கள். பிறகு பாரசிட்டமாலை அளவு மீறிக் கொடுத்தார்கள். ஈரல்களில் சேதம் குறைந்திருந்தது!

"அப்படியானால் நாமும் குடிக்கலாமே" என்று கிளம்பிவிடாதீர்கள். எலிக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். மனிதனோ, மாத்திரையை விழுங்கிய பிறகுதான் வழி தேடுகிறான்.

தைலம் எல்லாம் சாதுவும் அல்ல. 'பென்னிராயல்' என்பது மேல்நாட்டுப் புதினா வகை. அதன் தைலத்தைக் குடித்த ஓர் இளம்பெண், ஈரல் கெட்டு இறந்தாள். 1979-ல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் இந்தச் செய்தி வந்தது. அந்தத் தைலமும் அதே காவல்காரனைத்தான் தீர்த்துக்கட்டுகிறது! நம் வீட்டு நீலகிரித் தைலம் மட்டும் என்ன? குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரலாம்.

மெய்யான மாற்று மருந்து வேறு. அதன் பெயர் அசிட்டைல்சிஸ்டீன். காவல்காரனை மறுபடியும் உண்டாக்கித் தருவது அதுதான். 1970-களிலிருந்து டாக்டர்கள் கொடுத்து வருகிறார்கள். 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஒரே சங்கடம், முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். "சரியாகிவிடும்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். கண் மஞ்சளாகும்போது 2, 3 நாள் ஓடியிருக்கும்.

சளி மாத்திரை சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. வாங்கும்போதே அட்டையைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். அளவு மீறிவிட்டதா? தைலப் புட்டியைத் தேடாதீர்கள். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எது, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அதைப் பார்த்து டாக்டர் கணக்கிடுவார்.