பெரிய கூடத்திற்கு ஏற்ற ஒலிபெருக்கி

சென்ற ஆண்டு எங்கள் பெரியப்பா பணி ஓய்வு பெற்றுப் புது வீடு கட்டினார். முப்பதடி நீளம், இருபதடி அகலம், பத்தடி உயரத்தில் ஒரு கூடம். அதில் நாகசுவரம் கேட்கவும் திரைப்படம் பார்க்கவும் ஒலிபெருக்கிகள் வாங்க விரும்பினார். இயற்பியல் படிப்பவன் என்ற நம்பிக்கையில் என்னையும் கடைக்கு அழைத்துச் சென்றார். கடைக்காரர் பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த வாட் எண்ணைச் சுட்டிக்காட்டினார், நானும் தலையாட்டினேன். கடையின் சிறு அறையில் முழங்கிய இரு பெட்டிகளும், எட்டு அங்குல சப்-ஊஃபரும், எங்கள் கூடத்தில் வெறுமனே முனகின. பணிக்கொடைப் பணம் அது. பெரியப்பா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் உறுத்திற்று. அதன் பின்னரே நான் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன்.

ஒலிபெருக்கியில் குறித்த வாட், அது தாங்கக்கூடிய மின்திறனே தவிர, எழுப்பும் ஒலியின் அளவன்று. நாம் பார்க்க வேண்டியது அதன் உணர்திறன். ஒரு வாட் மின்திறன் ஊட்டி, ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. ஒரு பெட்டிக்கு 84, மற்றொன்றுக்கு 90 எனக் கொள்வோம். வேறுபாடு ஆறுதானே என்று எண்ணலாகாது. மூன்று டெசிபல் கூட வேண்டுமானால் மின்திறன் இரு மடங்காக வேண்டும். எனவே இரண்டாவது பெட்டி 50 வாட்டில் செய்வதை முதற்பெட்டி செய்ய 200 வாட் தேவை. தொலைவும் சேர்கிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். சுவர்களுக்குள் எதிரொலிப்பால் இழப்பு சற்றுக் குறைவு. கடையில் நாங்கள் இரண்டு மீட்டரில் நின்று கேட்டோம். வீட்டிலோ ஐந்து மீட்டர். (சில பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் ஓர் எண் இருக்கும். அதைப் படிக்காமலே விட்டுவிடலாம், ஆர்.எம்.எஸ். என்று குறித்ததே கணக்கில் சேரும்.)

தாழ்ந்த ஒலியின் கதை இன்னும் கடினம். அதிர்வெண் பாதியானால், அதே ஒலியழுத்தத்திற்குக் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசையும் கூம்பு, 40-இல் நான்கும் 20-இல் பதினாறும் அசைய வேண்டியிருக்கும். சிறிய கூம்பு இதில் தோற்றுவிடும். பரப்பைக் கூட்டுவதே வழி. எட்டு அங்குலத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. எங்கள் கூடம் போன்றதற்கு அதனினும் சிறியதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடத்திலிருந்து மாடிப்படிக்கும் உணவறைக்கும் கதவில்லையெனில், அங்குள்ள காற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் சப்-ஊஃபர் வேண்டுமா? ஒரு கட்டைச் சுருதியில் ஆண் குரலுக்கான தம்புராவின் மந்தரத் தந்தியே ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ்தான். தரையில் நிற்கும் நல்ல பெட்டிகள் அதனை எளிதில் எட்டும். கச்சேரி மட்டும் கேட்பவர் பணம் முழுவதையும் அவற்றிலேயே போடுவது மேல். திரைப்படத்தின் இடியும் வெடியும் 30 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்குவதால்தான் சப்-ஊஃபர் தேவைப்படுகிறது.

வேறொரு தவற்றையும் கண்டேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலை அலைகள் உண்டாகின்றன. ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால், எங்கள் கூடத்தின் நீளவாக்கில் முதல் நிலை அலை ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 28. இவற்றின் அழுத்தம் சுவரோரம் மிகுதி, நடுவில் மிகக் குறைவு. பெரியப்பாவின் சாய்வு நாற்காலி கூடத்தின் நட்டநடுவில் கிடந்தது! முதலில் அதை நகர்த்தினோம்.

சப்-ஊஃபர் எங்கே? 1877-இல் வெளிவரத் தொடங்கிய தம் ஒலியியல் நூலில் ராலே பிரபு விளக்கும் பரிமாற்றத் தத்துவம் இங்கே கைகொடுக்கிறது: ஒலிமூலமும் கேட்பவரும் இடம் மாறினாலும் விளைவு ஒன்றே. ஆகவே சப்-ஊஃபரை நாற்காலியின்மேல் ஏற்றி, தாழ்ந்த ஒலி மிகுந்த பாட்டை ஓடவிட்டு, நான் சுவரோரமாக முழந்தாளிட்டு நகர்ந்தேன். பாட்டின் தாழ்ந்த சுரங்கள் எங்கே ஒரே சீராகக் கேட்கின்றனவோ அதுவே அதன் இடம். மூலையில் முழக்கம் பெருகும், சீராக இராது.

பளிங்குத் தரையால் பேச்சும் குழம்பியது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் இதே சிக்கல் வந்தபோது, வாலஸ் சேபின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு எதிர்முழக்க நேரத்தை அளந்தார். நாங்கள் ஜமுக்காளமும் கனத்த திரைகளும் போட்டோம். அவை உயர்ந்த ஒலிகளை உறிஞ்சும். தாழ்ந்த ஒலியை ஏறக்குறையத் தொடுவதேயில்லை.

கடைக்காரர் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். ஆகவே பெட்டிகளை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு அங்குல சப்-ஊஃபர் ஒன்று வாங்கினோம். டியூஷன் எடுத்துச் சேர்த்ததில் ஒரு பங்கை நானும் போட்டேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதையெல்லாம் அதற்கே பிரித்துக் கொடுத்ததும், பாரம் குறைந்த சிறு பெட்டிகள் முன்னிலும் தெளிவாக ஒலித்தன. அதற்கான இடம் கிழக்குச் சுவரோரம், பெரியம்மாவின் தையல் இயந்திரம் இருந்த இடத்தில் அகப்பட்டது. தையல் இயந்திரம் இப்போது படுக்கையறையில் இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்று பெரியம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.