புகைக்குள் ரயில் கதவைத் திறப்பது எப்படி?

தென்கொரியாவின் தேகு நகரில், சுரங்க ரயிலின் கதவைக் கையால் திறப்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். 2003 பிப்ரவரி 18 அன்று நடந்ததுதான் காரணம். காலையில் ஜுங்ஆங்னோ நிலையத்துக்கு வந்த ரயிலில் ஒருவர் தீ வைத்தார். கதவுகள் திறந்திருந்ததால் அதிலிருந்த பலர் ஓடித் தப்பினார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசை ரயில் பக்கத்தில் வந்து நிற்க, தீ அதற்கும் பரவியது. மின்சாரம் போனது. பயணிகளை உள்ளேயே காத்திருக்கச் சொன்னார்கள். அந்த இரண்டாவது ரயிலின் ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட, பல கதவுகள் மூடியே கிடந்தன. மாண்டவர்கள் 192 பேர். பெரும்பாலோர் இரண்டாவதாக வந்த ரயிலில் இருந்தவர்கள்.

2008இல் தேகுவின் பல்கோங்சான் மலைப்பகுதியில் ஒரு பாதுகாப்புப் பயிற்சிக்கூடம் திறந்தார்கள். எரிந்த ரயில் பெட்டியே அங்கே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாமா என்று தயங்கத் தோன்றும். காட்டலாம் என்பேன், கையோடு தப்பும் வழியையும் பழக்கினால். பயத்தை மட்டும் கொடுத்து அனுப்புவதுதான் கொடுமை.

பல கொரியச் சுரங்க ரயில்களில் கதவருகே சிறு மூடிக்குள் ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தவுடன் கதவு திறந்துவிடாது. கதவை இறுக்கிப் பிடித்திருக்கும் காற்று ‘புஸ்ஸ்’ என்று வெளியேறச் சில நொடி ஆகும். அந்தச் சத்தம் அடங்கியபின் இரு கைகளாலும் கதவை விலக்க வேண்டும். பதற்றத்தில் அந்தச் சில நொடிகூடப் பொறுக்க முடியாது. அதனால்தான் இதைச் செய்து பார்த்தே பழக வேண்டும். நடைமேடையில் கண்ணாடித் தடுப்பு இருந்தால், அதிலுள்ள அவசரக் கம்பியை அழுத்தித் தள்ள வேண்டும்.

சூடான புகை மேலே ஏறும். மூச்சுவிடத் தக்க காற்று தரையை ஒட்டியிருக்கும். ஆகவே மூக்கையும் வாயையும் துணியால் பொத்தி, குனிந்து போக வேண்டும். இருட்டில் திசை குழம்பும் என்பதால் ஒரு கை சுவரை விடக்கூடாது.

கதவைத் திறக்கக் கற்றுக்கொடுத்தால், எப்போது திறக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சுரங்கத்துக்குள் ரயில் வெறுமனே நின்றிருக்கிறது, புகையோ தீயோ இல்லை என்றால் கைப்பிடியைத் தொடவே கூடாது. பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் வரலாம். அவசர அழைப்புப் பொத்தானை அழுத்தி, எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்று சொன்னால் போதும். அந்தப் பெட்டி எண் எங்கே எழுதியிருக்கிறது என்பதைப் பிள்ளையையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.